ஏஎல் பாஸ், கையில காசு இல்ல: மலையகத்துல இருந்து கெம்பஸ் போறவங்களுக்கு ஒரு பேப்பர் கணக்கு

ஏஎல் (ஸ்கூல் உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த அன்னைக்கு பக்கத்துக் காம்பரா அக்கா கடலை அவிச்சு கொண்டாந்தாங்க, தம்பி வெடி போட்டான், அம்மா கொழுந்துக் கூடைய இறக்கி வெச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அடுத்த கிழமையே ஆரம்பிச்சது கெம்பஸ்க்கு (பல்கலைக்கழகத்துக்கு) பேப்பர் சேக்குற அலைச்சல். பொகவந்தலாவ பக்கம் எங்க தோட்டத்துல இருந்து டவுனுக்கு ஒரு தடவ போய் வந்தா அம்மாவுக்கு ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், நான் அப்படி பதினோரு தடவ போனேன். அதுல ஏழு தடவ சும்மா, ஏதோ ஒரு பேப்பர் இல்லன்னு திருப்பி அனுப்பினதுதான். உங்களுக்கு அந்த ஏழு நாளாவது மிஞ்சட்டும்னு எழுதுறேன். நுவரெலியா, பதுளை, ஹட்டன், மஸ்கெலியா, ஹப்புத்தளன்னு எங்க இருந்தாலும் முக்கால்வாசி இதே கததான்.

1. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பேப்பர எல்லாம் பாயில பரப்புங்க

எக்ஸாம் முடிஞ்சு ரிசல்ட் வர மாசக்கணக்கு ஆகும்ல, அந்த நேரத்துல எல்லாரும் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போயிடுறோம். போங்க, வேணாங்கல. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்குற அத்தன பேப்பரையும் எடுத்து வெளிச்சத்துல பரப்புங்க: உங்க பிறப்புச் சான்றிதழ், ஐடி கார்ட், ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) சர்ட்டிபிகேட், அப்பா அம்மா ஐடி, அவங்க கல்யாண சர்ட்டிபிகேட், தம்பி தங்கச்சிங்க பிறப்புச் சான்றிதழ், அப்பா இல்லன்னா மரணச் சான்றிதழ்.

பரப்பிட்டு பேர மட்டும் பாருங்க, ஒவ்வொரு எழுத்தா.

நம்ம ஆளுங்க பேரு ஒரு எடத்துல இருக்குற மாதிரி இன்னொரு எடத்துல இருக்காது. பிறப்புச் சான்றிதழ சிங்களத்துல எழுதியிருப்பாங்க, ஐடில இங்கிலீஷ் எழுத்துல வேற மாதிரி வரும், தோட்டத்து செக்ரோல்ல (வேலையாளுங்க பேர் பதியுற புத்தகத்துல) மூணாவது விதம். எங்க அம்மா கதயச் சொல்றேன். என் பிறப்புச் சான்றிதழ்ல அவங்க பேரு லெட்சுமி. ஐடில லட்சுமியம்மா. செக்ரோல்ல வெறும் 'லெச்சுமி'யும் ஒரு நம்பரும். தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர் அய்யா அந்தப் பெரிய புத்தகத்த எச்சில் தொட்டு தொட்டுப் புரட்டி, விரல வெச்சு நிறுத்தி, "இதுல ஒங்கம்மா எதும்மா?"ன்னு என்னயத்தான் கேட்டாரு. அந்தப் பக்கத்துல லெச்சுமின்னு நாலு பேரு இருந்தாங்க. நம்பர வெச்சுதான் கண்டுபிடிச்சோம். அதனால அம்மாவோட, அப்பாவோட செக்ரோல் நம்பர ஒரு துண்டுல எழுதி வெச்சிக்கங்க, சம்பளச்சீட்டுலயே இருக்கும்.

சின்ன எழுத்து வித்தியாசம்னா ஜேபி (சமாதான நீதவான்) ஒருத்தர்கிட்ட, ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்னு சத்தியக்கடதாசி எடுத்தா பல எடத்துல ஏத்துக்குவாங்க. ஆனா உங்க பேர்லயோ பிறந்த தேதிலயோ பெரிய பிழ இருந்தா அது சத்தியக்கடதாசியில தீராது, பிரதேச செயலகத்துல பிறப்பு இறப்பு பதிவுப் பிரிவுல திருத்தணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுக்காகத்தான் ரிசல்ட்டுக்கு முன்னாடியே பாருங்கன்னு சொல்றது. 2025 நவம்பர் டிட்வா புயல்ல மண் சரிஞ்சு பேப்பரோட வீடே போன குடும்பங்க நம்ம பக்கம் இருக்கு. அவங்களும் இதே பிரிவுல பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்கு போடலாம், ஓஎல் ஏஎல் சர்ட்டிபிகேட் பரீட்சைத் திணைக்களத்துல திரும்ப எடுக்கலாம். இதையும் கடைசி நேரத்துக்கு வெக்காதீங்க.

2. நீங்க எந்த மாவட்டத்துக் கணக்குல வர்றீங்க?

கெம்பஸ்க்கு அப்ளை பண்ண ஏஎல் மூணு பாடமும் ஒரே தடவயில குறைஞ்சது எஸ் பாஸ் இருக்கணும், பொதுச் சாதாரண பரீட்சைன்னு ஒண்ணு எழுதுவோமே, அதுல 30 புள்ளியாவது வேணும். அந்தப் பேப்பர விளையாட்டா எடுத்து மூணு பாஸையும் வீணாக்கின பையன் எங்க பேட்ச்லயே இருந்தான்.

அப்புறம் இசட் ஸ்கோர், ஏஎல் புள்ளிய மத்தவங்களோட ஒப்பிட்டுப் போடுற கணக்கு. பெரும்பாலான பாடநெறிக்கு எடுக்குறது இப்படி: 40 வீதம் முழு இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக் கணக்குல கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அந்தப் பதினாறுல நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி இருக்கு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்ல. கண்டித் தோட்டத்துப் பிள்ளையும் நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாதிரி லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து வந்தாலும் கணக்கு வேற. இது நியாயமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

கவனிக்க வேண்டியது இதுதான்: நல்ல ஸ்கூல்னு ஏஎல் படிக்க கண்டிக்கோ கொழும்புக்கோ போன பிள்ளைங்களுக்கு மாவட்டம் மாறிப் போகலாம். எத்தன வருஷம் எந்த மாவட்டத்து ஸ்கூல்ல படிச்சீங்க, குடும்பம் எங்க பதிவுங்குறது எல்லாம் வெச்சுதான் முடிவு பண்றாங்க. யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) வருஷா வருஷம் போடுற கைநூல்ல இதுக்குத் தனியா ஒரு பகுதி இருக்கு. கைநூல் தமிழ்லயும் வருது, அந்தப் பகுதிய மட்டும் ரெண்டு தடவ வாசிங்க, சேர் சொன்னாரு மிஸ் சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க. ஸ்கூல் மாறியிருந்தா பழைய ஸ்கூல்ல இருந்து எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் படிச்சீங்கன்னு கடிதம் எடுத்து வெச்சிக்கங்க. வாக்காளர் இடாப்புல அப்பா அம்மா பேரு இருக்கான்னும் ஜிஎஸ்கிட்ட (கிராம சேவகர்கிட்ட) கேட்டுடுங்க, பின்னாடி எல்லா உறுதிப்படுத்தலுக்கும் அதத்தான் பாப்பாங்க.

3. அப்ளிகேஷன்: அந்த வரிசைதான் எல்லாமே

ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்ல யூஜிசி அறிவிப்பு போடும். திறந்து இருக்குறது சில கிழமதான். ஒன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணணும். தோட்டத்துல சிக்னல் வர்ற பாறை எதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தப் பாறையில நின்னுக்கிட்டு போன்ல இத நிரப்பாதீங்க. டவுன்ல கொமினிகேஷனுக்கு (கம்ப்யூட்டர் கடைக்கு) போய் பெரிய ஸ்க்ரீன்ல பாத்து நிரப்புங்க. ஆனா கடக்காரப் பையன நிரப்ப விடாதீங்க, நீங்களே பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க. பாஸ்வேர்ட நீங்க எழுதி எடுத்துக்கங்க. ஈமெயிலும் போன் நம்பரும் உங்களோடதா இருக்கணும், கடையோடதா இருக்கக் கூடாது. என் ஃப்ரெண்ட் ஒருத்தி கடக்காரர் ஈமெயில குடுத்துட்டு அப்புறம் மூணு மாசம் அவர் கடைக்கே நடந்தா.

ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு கெம்பஸ்க்கும் ஒரு யூனி கோட் இருக்கு, மூணு இலக்கமும் ஒரு எழுத்தும். உங்களுக்கு எது முதல்ல வேணும், எது ரெண்டாவதுன்னு அந்தக் கோட வரிசையா போடணும். இங்கதான் நம்ம பிள்ளைங்க பயந்து போய் தப்பு பண்றாங்க. 'எனக்கு அது கிடைக்காது, அத மேல போட்டா கீழ இருக்குறதும் போயிடும்'னு நெனச்சு ஆசப்பட்டத போடாமலே விட்டுடுறாங்க. அப்படி இல்ல. மேல இருந்து ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வருவாங்க, உங்க இசட் ஸ்கோர் எதுக்கு சரியா வருதோ அதுல நிறுத்துவாங்க. முதலாவது கிடைக்கலங்குறதுக்காக ஏழாவதுல உங்க எடம் குறையாது. அதனால உண்மையிலேயே என்ன வேணுமோ அந்த வரிசையில போடுங்க, போன வருஷ வெட்டுப்புள்ளி (எடம் கிடைச்ச குறைஞ்ச இசட் ஸ்கோர்) யூஜிசி வெப்சைட்ல மாவட்ட வாரியா இருக்கும், அதப் பாத்து கீழ் பாதிய நிரப்புங்க. நெறைய போடுங்க. நான் எட்டோட நிறுத்தினேன், அது மடத்தனம்.

ஆனா, கிடைச்சா போகவே மாட்டேன்ங்குறத போடாதீங்க. மொழியையும் பாருங்க. ஊவா வெல்லஸ்ஸ பதுளையிலயே இருக்கு, வீட்டுக்குப் பக்கம்னு போடுவோம், அங்க படிப்பு இங்கிலீஷ் மீடியம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குல கலைப்பீடம் தமிழ்ல படிக்கலாம். இங்கிலீஷ் மீடியத்துக்குப் பயந்து போடாம விடுங்கன்னு சொல்லல, தெரிஞ்சு போடுங்க.

சில பாடநெறிக்கு உளச்சார்பு டெஸ்ட், செய்முறை டெஸ்ட் இருக்கும், கட்டடக்கலை, டிசைன், சங்கீதம் நடனம் மாதிரி. அதுக்கு அந்தந்த கெம்பஸ்க்கு தனியா அப்ளை பண்ணணும், தேதியும் தனி. யூஜிசி போர்ம்ல கோட் போட்டுட்டு இத விட்டுட்டா அந்தக் கோட் சும்மாதான்.

என் காலத்துல ஒன்லைன்ல அனுப்பினதோட முடியல, பிரின்ட் எடுத்து கையெழுத்து வெச்சு ரெஜிஸ்டர் தபால்ல கொழும்பு 07, வார்ட் பிளேஸ் 20ம் இலக்கத்துக்கு அனுப்பணும். உங்க வருஷத்துக் கைநூல்ல என்ன சொல்லியிருக்கோ அப்படியே பண்ணுங்க. தபால் துண்ட தொலைக்காதீங்க. அப்புறம் விலாசம்! லயத்துக்கு வர்ற கடிதம் தோட்டத்து ஆபீஸ்க்குப் போய், அங்க இருந்து யாரோ ஒருத்தர் கையில வந்து, சில நேரம் பெரட்டுக் களத்துல (காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற எடத்துல) மழையில நனைஞ்சு வரும். டவுன்ல நம்பிக்கையான கடையோ சொந்தக்காரரோ இருந்தா அந்த விலாசத்தக் குடுக்குறது பத்தி யோசிங்க. குடுத்தாலும் குடுக்காட்டியும் வெப்சைட்ட கிழமைக்கு ஒரு தடவ பாருங்க.

4. வருமானச் சான்றிதழ்: அதிகம் நேரம் திங்கிறது இதுதான்

மஹாபொலன்னாலும் பர்சரின்னாலும் (ரெண்டும் கெம்பஸ் பிள்ளைங்களுக்கு மாசக் கணக்குல குடுக்குற உதவிக் காசு) குடும்ப வருமானத்த காட்டணும். ஜிஎஸ் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பம் வெக்கணும். இது ரெண்டு ஆபீஸ், ஒரே நாள்ல முடியும்னு நெனச்சுக்கிட்டு போகாதீங்க.

நான் போன வழி: முதல்ல தோட்டத்து ஆபீஸ்ல அம்மாவோட சம்பள விவரக் கடிதம், அதோட கடைசி மூணு மாச சம்பளச்சீட்டு. இதுக்கு ரெண்டு நாள். பெரிய கிளாக்கர் எழுதி தொரை (தோட்ட மேனேஜர்) கையெழுத்து வெக்கணும், தொரை மலைக்கு (தேயிலை நிக்குற எடத்துக்கு) போயிட்டா அன்னைக்கு வராது. அப்புறம் ஜிஎஸ். நம்ம ஜிஎஸ் பிரிவெல்லாம் பெருசு, ஒரு ஆளுக்கு பல தோட்டம். ஆபீஸ் நாள் எதுன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, நான் கேக்காம போய் பூட்டுன கதவப் பாத்துட்டு வந்தது ரெண்டு தடவ. அதுக்கப்புறம் பிரதேச செயலகம். அங்க ஒரு ஆபீஸ்ல, எதுன்னு சொல்லல, சிங்களத்துல இருந்த போர்ம குடுத்து நிரப்புன்னு சொன்னாங்க, நானும் அரைகுறையா நிரப்பி வருஷ வருமானம் கேட்ட எடத்துல மாச வருமானத்த எழுதிட்டேன். திரும்ப முதல்ல இருந்து. பிறகுதான் தெரிஞ்சது தமிழ் போர்ம் அதே அலுமாரியில இருந்தது. தமிழ் போர்ம் குடுங்கன்னு கேளுங்க. அது உங்க உரிமை, கெஞ்ச வேண்டியதில்ல.

அண்ணன் கொழும்புல கடையில வேல செஞ்சு அனுப்புற காசு, வீட்டுல மரக்கறித் தோட்டம், மாடு, இதையெல்லாம் மறைக்காதீங்க, ஆனா இல்லாததயும் ஊதி எழுதாதீங்க. கேக்குற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க. பொய் பிடிபட்டா காசு நிக்கும்.

5. மஹாபொல, பர்சரி

இத ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மஹாபொல ஒரு நம்பிக்கை நிதியம், 1981ல இருந்து குடுக்குறாங்க. மெரிட்டுக்கு ஒரு பங்கு, வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்குப் பெரிய பங்கு. அது கிடைக்காதவங்களுக்கு பர்சரி, அது கெம்பஸ் வழியா போடுறது. 2025 பட்ஜெட்ல மஹாபொல மாசம் 5000ல இருந்து 7500 ஆச்சு, பர்சரி 4000ல இருந்து 6500 ஆச்சு. நீங்க போற வருஷத்துல தொகை எவ்வளவுன்னு கெம்பஸ்ல மாணவர் நலப் பிரிவுல கேளுங்க. ஒருத்தருக்கு ரெண்டுல ஒண்ணுதான்.

ரெண்டு விஷயம் பலபேருக்கு தெரியல. ஒண்ணு, கெம்பஸ் கிடைச்சதும் மஹாபொல தானா வராது. அதுக்குத் தனி விண்ணப்பம், தனி கடைசித் தேதி. ரெண்டாவது, மஹாபொல பேர் பட்டியல்ல இல்லன்னு அழுதுக்கிட்டு ஹொஸ்டல்ல படுத்துடாதீங்க, உடனே பர்சரி போர்ம் வாங்குங்க. பர்சரிக்கு வருமானம் மட்டுமில்ல, ஸ்கூல் போற தம்பி தங்கச்சி எத்தன பேருன்னும் பாக்குறாங்க, அதனாலதான் அவங்க பிறப்புச் சான்றிதழயும் ஸ்கூல் கடிதத்தயும் முதல்லயே எடுக்கச் சொன்னேன். எனக்கு ரெண்டாவது வழியிலதான் கிடைச்சது, தங்கச்சி ஸ்கூல் கடிதம் இல்லாம ஒரு கிழம போச்சு.

பேங்க் எக்கவுன்ட் அவங்க சொல்ற பேங்க்ல, உங்க பேர்ல, ஐடில இருக்குற அதே எழுத்துல திறங்க. எக்கவுன்ட் நம்பர்ல ஒரு இலக்கம் மாறினா உங்க காசு மாசக்கணக்கா எங்கயோ சுத்தும்.

6. மத்த உதவிங்க

தோட்டத் தொழிலாளி பிள்ளைங்களுக்குன்னே இந்தியத் தூதரகம் நடத்துற கல்வி அறக்கட்டளை ஒண்ணு இருக்கு, சீவெட்னு சொல்லுவாங்க. ஏஎல் படிக்குற பிள்ளைங்களுக்கும் கெம்பஸ் பிள்ளைங்களுக்கும் குடுக்குறாங்க. விளம்பரம் தமிழ் பேப்பர்ல வரும், கண்டியில இருக்குற இந்திய உதவித் தூதரகத்துலயும் கேக்கலாம். அப்பாவோ அம்மாவோ தோட்டத்துல வேல செய்றாங்கன்னு தோட்டத்துக் கடிதம் கட்டாயம், நாலாவதுல எடுத்தீங்களே, அதோட ரெண்டு மூணு கொப்பி வெச்சிருங்க. இந்தியாவுல போய் படிக்க நேரு, மௌலானா ஆசாத் பேர்ல ஸ்கொலர்ஷிப் இருக்கு, கல்வி அமைச்சு வழியா வருது, போட்டி கடுமை, ஆனா போட்டுப் பாக்குறதுல நட்டம் இல்ல.

'நான் அமைச்சர் ஆளு, 20000 குடு, மஹாபொல எடுத்துத் தர்றேன்'னு யாராவது வந்தா எழும்பி வந்துடுங்க. இதுல எதுக்குமே புரோக்கர் கிடையாது.

7. கெம்பஸ் கிடைக்கலன்னா

வெட்டுப்புள்ளியில கொஞ்சத்துல போச்சுன்னா மூணு தடவ வரைக்கும் ஏஎல் எழுதலாம். அதோட இதையும் பாருங்க: கொட்டகலை பத்தனையில ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சி, வர்த்தமானில (அரசிதழ்ல) விண்ணப்பம் கேப்பாங்க. கண்டியிலயும் பதுளையிலயும் ஏடிஐ (உயர் தொழில்நுட்ப நிறுவனம்), அங்க எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா) முழுநேரமா படிச்சா படிப்புக்குக் காசில்ல. திறந்த பல்கலைக்கழகத்துக்கு காசு கட்டணும், ஆனா வேல செஞ்சுக்கிட்டே படிக்கலாம்.

பிரைவேட் டிகிரிக்கு அரசாங்கம் வட்டியில்லாக் கடன் குடுக்குது, 2017ல ஆரம்பிச்சது, கல்வி அமைச்சு ஏத்துக்கிட்ட இன்ஸ்டிடியூட்டுக்கும் பாடநெறிக்கும் மட்டும்தான். வட்டி இல்லன்னாலும் கடன் கடன்தான், படிச்சு முடிச்சு கட்டணும், பிணை நிக்க ஆள் வேணும், சம்பளக்காரங்க நம்ம சொந்தத்துல எத்தன பேருன்னு முன்னாடியே எண்ணிப் பாத்துக்கங்க. டவுன்ல போர்ட் மாட்டியிருக்குற எல்லா கெம்பஸும் கெம்பஸ் இல்ல, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி யூஜிசி ஏத்துக்கிட்ட பட்டமான்னு பாருங்க.

8. முதல் அஞ்சு மாசக் காசு

அரச கெம்பஸ்ல படிப்புக்கு காசில்லதான், ஆனா சாப்பாடு யாரும் சும்மா போட மாட்டாங்க. பர்சரி முதல் தவணை எனக்கு கைக்கு வந்தது கெம்பஸ் போய் அஞ்சாவது மாசம், அதுவரைக்கும் சேத்து மொத்தமா வந்தது. அந்த அஞ்சு மாசத்துக்கு யார் குடுப்பாங்க, இதத்தான் முதல்லயே யோசிக்கணும், எனக்கு யாரும் சொல்லல.

என் கணக்குல போகும்போது போன செலவு: பதிவுக் காசு, பஸ், மெத்த, வாளி, போர்வ, ரெண்டு செட் உடுப்பு, சப்பாத்து, ஃபோட்டோ, கொப்பி அடிச்சது எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 38000. அதுக்கப்புறம் மாசம் சாப்பாடும் ஹொஸ்டலும் சேத்து 15000க்கு கீழ ஒரு மாசமும் இறங்கல, லெப்டொப் கணக்கே இதுல இல்ல. நான் போனது கிழக்குப் பக்கம், வீட்டுக்கு வர ஒரு நாள் முழுக்க பஸ், அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவதான் வந்தேன். நாங்க அம்மாவோட சீட்ட முன்கூட்டியே எடுத்தோம், தோடு அடகுல போச்சு, அண்ணன் மாசம் அனுப்பினான். லயத்துக்கு வந்து கிழமைக்கு கிழம வசூல் பண்ற நுண்கடன் மட்டும் எடுக்காதீங்க, உங்க மெத்த வாங்குன காச அம்மா ரெண்டு வருஷம் கட்டுவாங்க. சீட்டு போடுற அக்காகிட்ட ரிசல்ட் வந்த உடனேயே பேசுங்க, முதல் சீட்டு எனக்குக் குடுங்கன்னு. மலையகத்துல யாரும் அதுக்கு இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

ஹொஸ்டல் போர்மும் பதிவு நாள்லயே கேளுங்க, தூர மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு முதல் வருஷம் கிடைக்க வாய்ப்பு நல்லா இருக்கு, வெளிய போர்டிங் எடுத்தா மூணு மாச அட்வான்ஸ் கேப்பாங்க.

பதிவுக்குப் போற அன்னைக்கு எல்லா ஒரிஜினலும் ஒரு ஃபைல்ல, ஒவ்வொண்ணுக்கும் மூணு கொப்பி, ஆறு ஃபோட்டோ. இன்னொரு செட் கொப்பி வீட்டுல வெச்சிட்டுப் போங்க. பர்சரி போர்ம்ல கிளாக் ஒருத்தர் அம்மாவோட ஐடி நம்பர திரும்பக் கேட்டப்போ நான் அம்மாவுக்கு கோல் எடுத்தேன், மலையில இருந்தாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து அரிசி டின்னுக்குள்ள பொலித்தீன்ல சுத்தி வெச்சிருந்த கொப்பிய எடுத்து, எழுத்து வாசிக்கத் தெரியாதுன்னாலும் நம்பர் தெரியும், ஒவ்வொரு இலக்கமா நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க, நான் கையிலயே எழுதிக்கிட்டேன்.